நூற்றெண்பதில் வெந்த கொக்கு

அந்த வீட்டில் ஆறு கொக்குகள் இருந்தன. ஆறும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு மெத்தையில் ஆறு வருஷமாகப் படுத்துக் கிடந்தன. அவற்றுக்குச் சொந்தமான கார் வாசலை ஒட்டிய ஷெட்டில் மூன்று போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. கொக்குகளுக்கு வர்ணம் பூசி முடித்ததும் வீட்டுக்காரர் காரை ரோட்டுக்கு எடுக்கப்போகிறார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எப்போது முடிப்பார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது என்பது அவர் மனைவியின் கட்சி.

வீட்டுக்காரர் முப்பத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் தெருவுக்கு அவர் லிப்ட்காரர். மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அதனால் கேக்கம்மா. இருவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர்களை மின்சார ரசீதில் பார்த்துக்கொள்ளலாம், வேறெங்கும் அவை புழக்கத்தில் இல்லை.

ஓய்வு பெற்ற வாரமே லிப்ட்காரர் அந்தக் காரை வாங்கிவிட்டார். அவர் லிப்ட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பழைய குடியிருப்பின் அடித்தளத்தில் தூசி மண்டிக் கிடந்த வண்டி அது. அதைச் செய்த கம்பெனி மூடி நாற்பது வருஷம் ஆகிறது. ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குதான் அந்தக் கம்பெனியின் சின்னம். முன்னால் பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, பின்னால் டிக்கியில் ஒன்று, நான்கு சக்கர மூடிகளிலும் ரூபாய்க்காசு அளவில் ஒவ்வொன்று. கொக்கின் உருவம் உலோகத்தில் மெல்லிய கோடாக மேடிட்டு நிற்கும். கோடுகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளங்களில்தான் வர்ணம். வானத்துக்கு நீலம், உடம்புக்கு வெள்ளை, அலகுக்குச் சிவப்பு. வாங்கும்போதே அந்த வர்ணம் பாதிக்கு மேல் உதிர்ந்து போயிருந்தது.

எஞ்சின் வேலையை எல்லாம் மனுஷர் எட்டே மாதத்தில் முடித்துவிட்டார். அதில் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரே உறுமலில் எழுந்துகொள்ளும். ஷெட்டுக்குள்ளேயே இரண்டடி முன்னால் போகும், இரண்டடி பின்னால் வரும், பிறகு அணைந்துவிடும். வாழ்நாளெல்லாம் மேலும் கீழுமாகப் போய் வந்தவருக்கு அதுவே பெரிய பயணமாக இருந்ததோ என்னவோ. ரோட்டுக்கு எடுங்களேன் என்றால், "சின்னம் இல்லாம எப்படி எடுக்கறது? மூஞ்சி இல்லாம வெளிய போவியா நீ?" என்று கேட்பார்.

சின்னத்துக்கு வர்ணம் பூசத்தான் மீதி ஐந்து வருஷமும். காலை ஒன்பது மணிக்குச் சட்டையை உள்ளே விட்டு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போவார். ஒரு மணிக்குச் சாப்பாடு, ஐந்து மணிக்கு வேலை முடிந்து திரும்புவார். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் பதினோரு எட்டுதான் தூரம். இன்றைக்கு என்ன வேலை ஆயிற்று என்று கேட்டால் "நீலம்" என்பார். எந்த நீலம் என்று முடிவு செய்ய இரண்டு வருஷம் ஆயிற்று. அட்டைத் துண்டுகளில் பதினான்கு நீலங்களைத் தீட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார். கேக்கம்மாவின் கண்ணுக்குப் பதினான்கும் ஒரே நீலம்தான். அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டு நாள் பேச்சுத் துணை இல்லாமல் இருந்தாள். நீலத்துக்குப் பிறகு வெள்ளை வந்தது. வெள்ளையில் இத்தனை விதம் உண்டு என்று கடவுளுக்குக்கூட யாராவது சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சகித்துவந்த கதைதான். ஓவன் விஷயம் வந்தபோதுதான் சிரிப்பு போயிற்று. அவளுடைய சமையலறை ஓவனில் ஒரு நேரத்தில் ஒரு கேக் மட்டுமே வேகும். மூன்றடுக்குக் கேக்குக்கு ஆர்டர் வந்தால் காலையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வேகவைத்து முடிப்பதற்குள் முதல் அடுக்கு காய்ந்து போகும். போன மாதம் இரண்டு பெரிய ஆர்டர்களை, முடியாது என்று அவளே திருப்பி அனுப்பினாள். இருபத்தெட்டு வருஷத் தொழிலில் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாளே போய் நான்கு தட்டுப் பெரிய ஓவன் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அது பீரோ உயரம். சமையலறைக் கதவில் நுழையாது என்று நூல் பிடித்து அளந்து பார்த்துவிட்டாள். நுழையக்கூடிய இடம் வீட்டில் ஒன்றே ஒன்று, ஷெட்.

"வண்டிய வாசல்ல நிறுத்திக்கலாங்க" என்றாள்.

"வாசல்லயா? வெயில்ல? மழையில? காக்கா எச்சத்துக்கு நடுவுல?"

"ஊர்ல எல்லாரும் அங்கதான் நிறுத்தறாங்க."

"ஊர்ல எல்லாரும் கொக்கு வச்சிருக்காங்களா?"

இதில் அவர் ஒற்றைக்காலில் நின்றார். அவளும் விடவில்லை. அப்படியானால் விற்றுவிடுங்கள் என்றாள். இதற்கு நாலு நாளாவது சண்டை போட வேண்டியிருக்கும் என்று வேண்டிய வார்த்தைகளை எல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள். அவரோ சோற்றைப் பிசைந்தபடியே "சரி" என்றார். தயார் செய்து வைத்த சண்டை முழுவதும் அவள் கையிலேயே தங்கிவிட்டது.

வாங்க ஆள் பிடித்துக் கொடுத்தவர் எதிர்வீட்டுத் தபால்காரர். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டில் கொண்டு சேர்க்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. அவருக்குக் கண் அறுவை செய்த டாக்டர் பழைய கார்கள் சேர்ப்பவராம். போனில் டாக்டர் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை, எத்தனை மைல் ஓடியது என்றும் கேட்கவில்லை. "எம்பளம் ஆறும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றதும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றார். ஓவன் வருவது திங்கட்கிழமை. கணக்கு அழகாகப் பொருந்தியது.

புதன்கிழமை சாயங்காலம் கேக்கம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஆறு கொக்குகளும் பிறந்தமேனியாகக் கிடந்தன. பழைய வர்ணத்தைச் சுரண்டி, கழுவி, பல் தேய்க்கும் பிரஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து உலோகத்தைப் பளபளவென்று வைத்திருந்தார். அதன் மேல் ஒரு சொட்டுப் பெயின்ட் இல்லை.

"என்னங்க இது?"

"வெள்ளை இன்னும் முடிவாகல."

"ஞாயித்துக்கிழமை ஆள் வராரு."

"அவசரப்பட்டா நல்லா வராது."

கேக்கம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரி என்று ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்பதும் விளங்கியது. வாயால் சரி சொல்லிவிட்டுக் கையால் கழுத்தறுக்கப் பார்க்கிறார். கோபத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"நான் பண்றேன்."

"இது கேக் இல்ல."

"கேக்கவிட இது சுலபம். கேக் ஆடும், இது ஆடாது."

வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து வேலையை ஆரம்பித்தாள். லிப்ட்காரர் பூனை முடிப் பிரஷ் ஒன்றை நீட்டினார், அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பிரஷ் பட்டால் கோடு விழும் என்பது ஐசிங் செய்பவளுக்குத் தெரியாதா? மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சில் மொட்டை ஊசி மாட்டி, நீலப் பெயின்ட்டை உறிஞ்சி, பள்ளத்தின் நடுவில் ஒரே ஒரு சொட்டு வைத்தாள். பிறகு டூத்பிக் முனையால் அந்தச் சொட்டின் ஓரத்தைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள். பெயின்ட் தானாகவே பரவிப்போய் மேட்டுக் கோட்டைத் தொட்டதும் நின்றது. பிஸ்கட் மேல் பூப்போட்டு உள்ளே பாகு நிரப்பும்போது இருபத்தெட்டு வருஷமாக அவள் செய்வதும் இதைத்தான். குமிழி வந்தால் குத்தி உடைக்க வேண்டும், ஓரத்தில் நிறைய விட்டால் வழிந்துவிடும், குறைத்து விட்டால் நடுவில் குழி விழும். அவ்வளவுதான் வித்தை.

லிப்ட்காரர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு மூச்சு விட்டார். இடதுபக்கம் தடிப்பாக இருக்கிறது என்றார். வெளிச்சம் போதாது என்றார். காற்றில் தூசி வருகிறது என்று சன்னலைச் சாத்தினார், பெயின்ட் நெடி தாங்கவில்லை என்று அவரே திறந்தார். கேக்கம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது கொக்கின் நீலம் கழுத்துக்கும் இறக்கைக்கும் இடையில் இருந்த ஊசிமுனைச் சந்துக்குள் மெல்ல நுழைந்து, கோட்டருகில் போய் அடங்கி நின்றபோதுதான் அவருடைய பேச்சு நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து, "இதை முன்னாடியே உன்கிட்ட குடுத்திருக்கலாம்" என்றார்.

"நீங்க கேக்கல."

"நீயும் சொல்லல."

மேட்டுக் கோடுகளில் பட்ட பெயின்ட்டைத் துடைக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பள்ளிக்கூட ரப்பர் துண்டில் துணியை இறுக்கிச் சுற்றி, தின்னரில் லேசாக ஒற்றி, தட்டையாக ஒரே இழுப்பு. துணி மேட்டை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், பள்ளத்துக்குள் இறங்காது. அவள் நிரப்ப நிரப்ப அவர் துடைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் கேட்காமலேயே ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "வெள்ளை. இதுதான்" என்றார். மூன்று வருஷமாக முடிவாகாத வெள்ளை ஒரே ராத்திரியில் எப்படி முடிவாயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி முடிவாகாமல் போய்விடுமோ என்று பயம். ஒரே ஒரு அலகை மட்டும், சிவப்பு நுனி வரைக்கும் போகவில்லை என்று சொல்லி அழித்து மறுபடி பூச வைத்தார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் நுனி வரைக்கும் சிவப்பு போனபிறகு பார்த்தால் அந்தக் கொக்குதான் ஆறிலும் அழகாக இருந்தது, அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பூசியாயிற்று, இனிக் காயவேண்டும். சும்மா வைத்தால் அந்தப் பெயின்ட் இறுக ஒரு வாரம் ஆகும். சூட்டில் வைத்தால் எண்பது டிகிரியில் ஒரு மணி நேரம் என்று டப்பாவிலேயே அச்சடித்திருந்தது. சனிக்கிழமை காலை, சின்னங்களை மாட்டும் ரப்பர் வாஷர் வாங்க லிப்ட்காரர் கடைக்குப் போனார். கேக்கம்மா ஆறு கொக்குகளையும் தட்டில் வரிசையாக அடுக்கி, அன்பாகப் பார்த்து, ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பக்கத்துத் தெருப் பிறந்தநாளுக்கு ஒரு கேக் பாதியில் நின்றது. அதற்கு ரோஜாப்பூ போட உட்கார்ந்தாள்.

முப்பத்தைந்து நிமிஷத்தில் வாசனை வந்தது. வாசனை வந்தால் எழுந்து போய்ப் பார்ப்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். எழுந்தாள், கையுறை மாட்டினாள், வெந்ததா என்று குத்திப் பார்க்க ஒரு டூத்பிக்கும் எடுத்துக்கொண்டாள். ஓவன் கதவைத் திறந்தபிறகுதான் கையில் டூத்பிக் எதற்கு என்று யோசித்தாள். யோசித்தபடியே ஓவனின் சூட்டுத் திருகைப் பார்த்தாள். நூற்றெண்பதில் நின்றது. எண்பது என்று மனசில் சொல்லிக்கொண்டுதான் திருகினாள். ஆனால் அந்தத் திருகைத் தொட்ட நாள் முதல் கை போய் நின்ற இடம் நூற்றெண்பதுதான், அன்றைக்கும் அங்கேயே போய் நின்றிருக்கிறது.

கொக்குகள் ஆறும் பொன்முறுவலாக வெந்திருந்தன. வெள்ளை உடம்பு மஞ்சளேறிப் பழுப்பாகி, ஓரங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது. நீலம் இருண்டிருந்தது. அலகு காய்ந்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. கேக்காக இருந்திருந்தால் அதைவிட நல்ல பதம் கிடையாது.

இனி எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி பூச நேரமில்லை. டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார். திங்கட்கிழமை ஓவன் வாசலில் வந்து நிற்கும், வைக்க இடம் இருக்காது, திரும்பிப் போகும். அடுத்த மூன்றடுக்குக் கேக்குக்கும் அவள் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

லிப்ட்காரர் வந்தார், தட்டைப் பார்த்தார். பெரிய கொக்கை எடுத்துச் சன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனைல வச்ச?"

"நூத்தியெண்பது."

அவர் தலையாட்டினார். கேக்கம்மா காத்திருந்தாள். இப்போது சொல்வார், டாக்டருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லாததால் அவளே சொன்னாள்.

"வேண்டாம்னு டாக்டருக்குச் சொல்லிடுங்க."

"வரட்டும்" என்றார் அவர். "நிழல்ல நிறுத்தினா அவ்வளவாத் தெரியாது."

வாஷர் பொட்டலத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் ஸ்பேனர் சத்தம் கேட்டது. அவர் நல்லவரா, அல்லது இதிலும் ஏதாவது சூது வைத்திருக்கிறாரா என்று கேக்கம்மாவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ரோஜாப்பூ ஒன்று சப்பையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பத்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. தபால்காரர் அழைக்காமலேயே கூட வந்து கதவோரமாக நின்றுகொண்டார். போர்வைகளை விலக்கியதும் டாக்டர், "அறுபத்திரண்டு மாடல்" என்றார். "அறுபத்தொண்ணு" என்றார் லிப்ட்காரர் உடனே. டாக்டர், இது நாலு கியர் என்றார். மூன்று என்றார் இவர். யாராவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் லிப்ட்காரருக்குத் தூக்கம் வராது. அடுக்கு மாடியின் அறிவிப்புப் பலகைகளில் இருந்த தப்புகளை எல்லாம் பேனாவால் திருத்தி இரண்டு தடவை விளக்கக் கடிதம் எழுதிக்கொடுத்தவர். கேக்கம்மா கேக் தட்டோடு வந்து, பேச்சு முற்றுவதற்குள் ஒரு துண்டை டாக்டர் கையில் கொடுத்தாள்.

டாக்டர் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. பானெட்டுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கொக்கைப் பார்த்தார். அடுத்து சக்கரங்களைச் சுற்றி வந்தார், டிக்கிக்குப் போனார், மறுபடி பானெட்டுக்கு வந்தார். எழுந்தபோது அவர் கண் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"பதினெட்டு வருஷமாத் தேடறேன்" என்றார். "இந்தக் கொக்கு எல்லா வண்டியிலயும் உதிர்ந்து போயிருக்கும். இல்லன்னா எவனாவது பளிச்சுனு வெள்ளை அடிச்சு வச்சிருப்பான். அதைப் பார்த்தாலே நான் வண்டியத் தொடமாட்டேன், மூணு தடவை பாதிலயே திரும்பி வந்திருக்கேன். இது கைபடாத வண்டி. இந்தப் பழுப்பைப் பாருங்க. ஓரத்துல மட்டும் கொஞ்சம் கூடுதலா ஏறியிருக்கு பாருங்க. அறுபது வருஷ வெயில் இல்லாம இந்த நிறம் வரவே வராது. யாராலயும் இதைச் செய்ய முடியாது."

தபால்காரர் ஏதோ தாமே வெயிலில் காயவைத்ததுபோல் தலையாட்டினார். கேக்கம்மா கணவரைப் பார்த்தாள்.

லிப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. மாடல் வருஷத்தில் ஒன்று தப்பியதற்கே துள்ளியவர், அறுபது வருஷம் தப்பியபோது சும்மா நின்றார். முந்தாநாள்தான் பூசினோம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டர் நடையைக் கட்டிவிடுவார், வண்டி லிப்ட்காரருடனேயே இருக்கும். அந்த வார்த்தையை அவர் விழுங்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. யாருக்காக விழுங்குகிறார் என்பதும் தெரிந்தது.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வண்டிய எடுத்துக்கறேன்" என்றார் டாக்டர்.

எட்டுக்கு வண்டி போகும், பதினோரு மணிக்கு ஓவன் வரும். கேக்கம்மா கேட்டது அத்தனையும் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. பேசாமல் இருந்தாலே போதும். இந்த மனுஷர் மட்டும் எப்போதும்போல எதையாவது திருத்தித் தொலைத்திருந்தால் அவளும் சண்டை போட்டிருப்பாள், சண்டையில் ஒரு தெம்பு வந்திருக்கும். அவர் உதடு இறுகி நின்ற நிலையை அவளால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், அது வெயில் இல்ல" என்றாள். "நேத்து எங்க ஓவன்ல வெந்தது."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. அவள் சிரிஞ்சிலிருந்து டூத்பிக் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தபால்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். டாக்டர் மறுபடி பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தபோது காது மடல் சிவந்திருந்தது.

"நூத்தியெண்பதா?"

"நூத்தியெண்பது. முப்பத்தஞ்சு நிமிஷம்."

"முப்பது வருஷமாக் கண்ணு பாத்துட்டு இருக்கேன்மா" என்றார் அவர், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. கையில் பாதி மிச்சமிருந்த கேக்கைப் பார்த்தார். "இதாவது ஒரிஜினல்தானே?"

"அது இன்னிக்குக் காலைல பண்ணினது, டாக்டர்."

மீதியையும் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு அவர் போனார். வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தபால்காரர் வழியனுப்புகிற சாக்கில் பின்னாலேயே போனார்.

ஷெட்டில் இருவர் மட்டும் நின்றார்கள். லிப்ட்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"நீங்க ஏன் சொல்லல?"

"நாளைக்கு ஓவன் வருதுல்ல?"

"வந்தா வரட்டும். ஒருத்தர் தப்பாப் பேசினா சும்மா விடற ஆளா நீங்க? வாய மூடிட்டு நிக்கறீங்க. எனக்குப் பாக்கச் சகிக்கல."

அவர் போர்வை ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு கோணலாக வந்தது, பிரித்து மறுபடி மடித்தார்.

"அன்னிக்கு ரெண்டு ஆர்டர முடியாதுன்னு சொல்லிட்டு போனை வச்சல்ல" என்றார். "அப்புறம் அடுப்படியில சுவத்தப் பாத்துட்டு நின்ன. ரொம்ப நேரம் நின்ன. நான் தண்ணி குடிக்க வந்தேன், குடிக்காமத் திரும்பிப் போயிட்டேன்."

கேக்கம்மா போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே சொன்னார்.

"வெள்ளை மூணு வருஷம் முன்னாடியே முடிவாயிடுச்சு. பூசறது ஒரு நாள் வேலை. பூசி மாட்டிட்டா வண்டி முடிஞ்சுது. மறுநாள் ஒன்பது மணிக்கு நான் எங்க போறது?"

இத்தனை வருஷமாக அவரைச் சோம்பேறி என்றும், பைத்தியம் என்றும், இழுத்தடிப்பவர் என்றும் மாற்றி மாற்றி நினைத்திருக்கிறாள். பயந்தவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பதினான்கு நீலங்களும் சுவரில் வரிசையாக நின்றன. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அவர் மேல் ஆசையாக இருந்தது. இந்த வயதில் இப்படி வருகிறதே என்று தன்மேலேயே கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

"சாவி எங்க?" என்றார் அவர் திடீரென்று.

ஷெட்டின் கதவு இரண்டையும் விரியத் திறந்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி வழக்கம்போல் இரண்டடி முன்னால் போயிற்று. அங்கே நிற்கவில்லை. வாசற்படிச் சரிவில் முனகி இறங்கி, வெயிலுக்குள் போய், எதிர்வீட்டு வாசலில் தபால்காரர் வாய் பிளந்து நிற்க, தெருவில் இடதுபக்கம் திரும்பியது. முனை வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. லிப்ட்காரர் ஷெட்டுக்குள் விடவில்லை. மதில் சுவரை ஒட்டி ரோட்டோரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, இறங்கிப் பூட்டினார்.

தபால்காரர் ஓடி வந்தார். "என்னப்பா, இங்கயா நிறுத்தற? மழை வந்தா?"

"நனையும்."

"வெயில் அடிச்சா?"

"காயும். வண்டின்னா ரோட்டுலதான நிக்கணும்."

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த கேக்கம்மா ஷெட் வாசலிலேயே நின்றாள். உள்ளே காலியாக, எதிரொலி கேட்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. லிப்ட்காரர் தரையைப் பெருக்கிக் கழுவியிருந்தார். அளவு நாடாவும் சுண்ணக்கட்டியுமாக முட்டி போட்டிருந்தார்.

"ஓவன் அகலம் எவ்வளவு?"

சொன்னாள். ஆழமும் கேட்டார், அதையும் சொன்னாள். பின்சுவரை ஒட்டி நேராக ஒரு பெரிய கட்டம் போட்டார். பக்கத்தில் நீளமாக இன்னொன்று போட்டு, இது உன் மேஜைக்கு என்றார். கரண்டு எங்கிருந்து இழுக்க வேண்டும் என்று சுவரில் ஒரு குறி வைத்தார். தட்டுகளை ஏற்றி இறக்க ஒரு கப்பி கட்டிவிடலாம், உனக்கு முதுகு வலிக்காது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். எல்லாம் முடிந்தபிறகு, அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஓவன் கட்டத்துக்கு முன்னால் ஓர் ஓரத்தில் ஒன்றரை அடிக்குச் சின்னதாக ஒரு சதுரம் போட்டார்.

"அது என்ன?" என்றாள் கேக்கம்மா.

அவர் நிமிரவில்லை. சுண்ணக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டு இருந்தார்.

"நாற்காலி" என்றார். "ஒண்ணு போட்டுக்கறேன். தொந்தரவா இருக்கமாட்டேன்."

கேக்கம்மா உள்ளே வந்தாள். சதுரத்தின் மேல் நின்று பார்த்தாள். பிறகு பாதத்தால் தேய்த்து அதை அழித்தாள்.

"இங்க போட்டா ஓவன் கதவு உங்க முட்டில இடிக்கும்" என்றாள்.

அவர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கி, மேஜைக் கட்டத்தை ஒட்டி, தான் நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சதுரம் வரைந்தாள். அவர் போட்டதைவிட அது கொஞ்சம் பெரிது.